கரைத்தது எங்கே போகிறது?

மின்னணுச் சாதனங்களின் சர்க்யூட் போர்டை ரிப்பேர் செய்யப் பழகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டும் படம் ஒன்று உண்டு. புதிதாக வைத்த சாலிடரைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தாற்போல ஒரு படலம் இருக்கும். ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) ஊற்றி நன்றாகத் தேய்த்தேன், காய்ந்ததும் இப்படி ஆகிவிட்டது, வாங்கிய ஐபிஏ போலியோ என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஐபிஏ நல்லதாகத்தான் இருக்கும். சாலிடர் நன்றாகப் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸ் கரைந்திருக்கிறது, ஆனால் போர்டை விட்டுப் போகவில்லை.

கரைப்பான் அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அது ஆவியாகிப் போனதும், கரைந்திருந்ததெல்லாம் அதே போர்டில் முன்பைவிட மெல்லியதாகவும் முன்பைவிட அகலமாகவும் படிந்துவிடும். ஐசி எனும் சிப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்த பிசின் இப்போது நாலு பக்கமும், பக்கத்துக் கனெக்டருக்குள்ளும்கூடப் போயிருக்கும். அதனால் எது கரைக்கும் என்று கேட்கும்போதே, கரைத்ததை எப்படி வெளியே எடுக்கப் போகிறேன் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் திரவம் ஆவியாகி எங்கே போகப்போகிறது என்பது அடுத்த கேள்வி. இதை நம்மில் பலர் கேட்பதே இல்லை. மேசைமேல் குனிந்து வேலை செய்கிறவரின் மூக்குதான் அதற்கு மிக அருகில் இருக்கிறது.

முதலில் அழுக்கைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் என்ற பழக்கம் இங்கேதான் தோற்றுப்போகிறது.

பழைய வகை ஃப்ளக்ஸின் அடிப்படை பைன் மரத்துப் பிசின். ஆல்கஹால் அதை நன்றாகக் கரைக்கும். ஐபிஏ எல்லா ரிப்பேர் மேசையிலும் இடம்பிடித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். 'நோ கிளீன்' ஃப்ளக்ஸின் கதை வேறு. முழுதாகச் சூடேறினால் மிச்சம் போர்டிலேயே கெடுதல் செய்யாமல் கிடக்கும் என்ற கணக்கில் அதைத் தயாரிக்கிறார்கள். சூடான காற்றை வீசும் ஹாட் ஏர் கருவியை வைத்து வேலை செய்யும்போது நாம் தாராளமாகத் தடவிய ஃப்ளக்ஸ் ஜெல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடேறாது. ஓரத்தில் வழிந்து அரைகுறையாகச் சூடான பகுதியில் அமிலத்தன்மை மிச்சமிருக்கும். ஈரக்காற்று பட்டால் அது மின்கசிவுக்கு வழி செய்யும். அதிலும் பாதி கரைத்துப் பாதி விட்டுவிடுவது, தொடாமலே விடுவதைவிட மோசம். கழுவுவதென்றால் முழுதாகக் கழுவுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீரில் கரையும் ஃப்ளக்ஸ் மூன்றாவது வகை. அதற்கு ஐபிஏ சரியான ஆள் இல்லை. வெந்நீரில்தான் கழுவ வேண்டும், அதுவும் வேலை முடிந்த கையோடு. விட்டுவைத்தால் செம்பை அரித்துவிடும்.

தண்ணீர் என்றதும் பலருக்கும் பயம். மின்சாரம் இல்லாத போர்டுக்குத் தண்ணீரால் பெரிய ஆபத்து கிடையாது. மின்சாரத்தோடு சேரும் தண்ணீரும், அது விட்டுப்போகும் உப்பும்தான் போர்டைத் தின்கின்றன. காபி கொட்டிய மடிக்கணினி, கடல்நீரில் விழுந்த போன் போன்றவை வந்தால் நேராக ஐபிஏவில் முக்குகிறவர்கள் நிறைய. உப்பும் சர்க்கரையும் ஐபிஏவில் ஏறக்குறைய கரையவே கரையாது. அவற்றுக்குத் தண்ணீர்தான் மருந்து. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அப்புறம் போர்டைத் தனியே பிரித்துக் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவுங்கள். ஐபிஏ அதற்குப் பிறகுதான் வர வேண்டும். அது தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும் என்பதால், இடுக்குகளில் நிற்கும் நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும், சீக்கிரம் காயவும் செய்யும். ஸ்பீக்கர், மைக், திரை, காகிதம் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை மட்டும் இந்தக் குளியலிலிருந்து தள்ளி வைத்துவிடுங்கள்.

ரிமோட்டிலும் பொம்மையிலும் பேட்டரி கக்கியிருந்தால் அங்கேயும் கரைப்பானுக்கு முன்னால் வேதியியல் வேண்டும். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். காற்றுப்பட்டு வெள்ளைப் பொடியாகக் காய்ந்திருக்கும். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டு வைத்தால் நுரைக்கும். நுரை அடங்கும்வரை தொட்டுத்தொட்டு எடுத்துவிட்டு, நீரால் துடைத்து, கடைசியில் ஐபிஏ. வினிகரை அப்படியே விட்டுவிட்டால் அதுவும் அரிக்கும். லித்தியம் பேட்டரி உப்பியோ கிழிந்தோ இருந்தால் இந்த வைத்தியம் எதையும் செய்யாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகும். அது தோலையும் தாண்டி உள்ளே போய்ச் சேதம் செய்யும்.

கிரீஸ், எண்ணெய், ஸ்டிக்கர் பசை, திரையை ஒட்டிய பசை இவற்றுக்கு ஐபிஏ மெதுவாகத்தான் வேலை செய்யும். இங்கே ஹெப்டேன், நாப்தா மாதிரியான ஹைட்ரோகார்பன் கரைப்பான்கள் கைகொடுக்கும். மின்சாரம் பாயத் தொட்டுக்கொள்ளும் உலோக முனைகளான காண்டாக்டுகள் கறுத்துப்போனால் அவற்றுக்கோ எந்தக் கரைப்பானும் நேரடியாக உதவாது. அந்தக் கறுப்பு உலோகமே மாறிப்போனது. கரைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதற்கென்று வரும் காண்டாக்ட் கிளீனரில் ஆக்சைடோடு வினைபுரியும் பொருளும் மெல்லிய உயவும் இருக்கும். வால்யூம் கன்ட்ரோலில் ஒரு சிறு தெளிப்பு அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை திருப்பினால்தான் பலன். 1953-இல் வந்த டபிள்யூடி-40 தெளிப்பானை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஈரத்தை விரட்டவென்று செய்யப்பட்டது அது, பின்னால் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். அந்தப் படலத்தில் தூசி வந்து உட்காரும். அதே நிறுவனம் காண்டாக்டுகளுக்கென்று தனியாக ஒன்று தயாரிக்கிறது. டின்னில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

அழுக்குக்கு எது என்று தெரிந்துவிட்டது, சரி. அழுக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். அசிட்டோன் ஐபிஏவைவிட வேகமானதுதான். ஆனால் ஏபிஎஸ், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன், அக்ரிலிக் ஆகிய பிளாஸ்டிக்குகள் எல்லாவற்றையும் தாக்கும். கனெக்டரின் உடல், பட்டன், போனின் பின்மூடி, எழுத்து அச்சிட்ட மை எதுவும் தப்பாது. பிளாஸ்டிக் இல்லாத வெற்று உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் மட்டுமே அசிட்டோனை எடுப்பேன். ஐபிஏவும் அப்படியொன்றும் சாது இல்லை. இறுக்கமாகத் திருகிய அக்ரிலிக்கில் அது நுண்ணிய விரிசல்களை உண்டாக்கக்கூடும், திரையின் மேல்பூச்சைத் தேய்த்துவிடக்கூடும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஐபிஏவில் எந்த அளவு என்பது எப்போதும் வரும் கேள்வி. 99% அல்லது அதற்கு மேல் இருப்பதை வாங்குங்கள். 70% என்பது கிருமி கொல்லும் கணக்கு. மீதி நீர், சிலவற்றில் கூடுதலாக வேறு பொருட்களும் இருக்கும். மூடியைத் திறந்தே வைத்தால் 99%-உம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கை சுத்திகரிப்பானில் தோலுக்கு இதமாகக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது போர்டில் பிசுபிசுப்பாக நிற்கும். 2020-இல் சில கை சுத்திகரிப்பான்களில் மெத்தனால் இருந்ததாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. மெத்தனால் பார்வையைப் பறிக்கும், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். தின்னர் என்ற பெயரில் விற்பதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டொலுயீன் இருக்கலாம், மெத்தனாலும் இருக்கலாம். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. பெட்ரோலைத் தொட்டு போர்டு துடைப்பதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

பாட்டிலில் இருப்பது சுத்தமானதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நன்றாகத் துடைத்த கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால், எதுவும் கலக்காத ஐபிஏ தடமே இல்லாமல் போயிருக்கும். வட்டமாக ஒரு கறையோ எண்ணெய் மினுக்கோ தெரிந்தால், போர்டிலும் அதுதான் நிற்கப்போகிறது. மெத்தனால் கலந்திருக்கிறதா என்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. அதுவும் தடமில்லாமல்தான் ஆவியாகும்.

இனி வெள்ளைப் படலத்தைத் தவிர்க்கும் முறை. நாலு பக்கமும் நெருக்கமாகக் கால்கள் உள்ள ஒரு ஐசியை மாற்றியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். போர்டு முழுதாக ஆறட்டும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்துங்கள், கீழ் ஓரத்தில் நார் உதிராத துணியை மடித்து வையுங்கள். மேலிருந்து ஐபிஏவைச் சொட்டுச்சொட்டாக விட்டு, நிலைமின் பாதுகாப்புள்ள பிரஷால் கால்களின் நீளவாட்டில் மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் பிரஷின் முள் மாட்டிக் கால் வளையும். முதலில் வழிவது தேன் நிறத்தில் இருக்கும். அது துணிக்குப் போவதற்குள் காய விடக்கூடாது. புதிய ஐபிஏ விட்டுக்கொண்டே இருங்கள், வழிவது நிறமில்லாமல் ஆகும்வரை. அப்புறம் போர்டைப் படுக்க வைத்து, ஈரமான இடத்தின்மேல் துணியின் உலர்ந்த பகுதியை விரித்து, துணிக்கு மேலிருந்தே பிரஷால் ஒற்றியெடுங்கள். கால்களுக்கு இடையில் நிற்பதையெல்லாம் துணி உறிஞ்சிக்கொள்ளும். துணியைத் தூக்கிப் பார்த்தால் ஐசியின் கால்கள் மஞ்சளாக அதில் அச்சு விழுந்திருக்கும். வேறு பகுதியை விரித்து இன்னொரு முறை. அச்சு விழாமல் போனால் வேலை முடிந்தது. பிரஷை நனைக்கும் கிண்ணம் வேறு, பெரிய பாட்டில் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குப் பிரஷைப் பாட்டிலுக்குள் விட்டால் அடுத்த போர்டில் முந்தைய போர்டின் ஃப்ளக்ஸ்தான் பூசப்படும்.

அழுக்கு துணிக்குப் போய்விட்டது, கரைப்பான் காற்றுக்குப் போகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு காலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஃப்ளக்ஸ் கழுவ சிஎஃப்சி-113 என்ற கரைப்பான் பரவலாக இருந்தது. தீப்பற்றாது, பிளாஸ்டிக்கை அதிகம் தாக்காது, சட்டென்று காயும். அது போய்ச் சேர்ந்த இடம் ஓசோன் படலம். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1996 தொடக்கத்தோடு வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி பெரும்பாலும் நின்றது. அந்த இடத்தை நிரப்ப வந்தவற்றில் ஒன்று என்-புரொபைல் புரோமைடு. அது நரம்புகளைப் பாதிக்கும் என்று தெரியவர, அமெரிக்கா 2022-இல் அதை அபாயகரமான காற்று மாசுகளின் பட்டியலில் சேர்த்தது. தீப்பற்றாது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய டிரைகுளோரோஎத்திலீனைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது சீனாவின் சூசோ நகரில் நடந்தது. அங்கே தொடுதிரைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் திரைகளை ஆல்கஹாலால் துடைத்துவந்தார்கள். ஆல்கஹாலைவிட வேகமாகக் காயும் என்பதற்காக என்-ஹெக்சேனுக்கு மாறினார்கள். காற்றோட்ட ஏற்பாட்டை அதற்கேற்ப மாற்றவில்லை. துடைத்தவர்களுக்குக் கைகால் மரத்துப்போனது, நடப்பதே சிரமமானது. 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக, அந்தத் திரைகளை வாங்கிய ஆப்பிள் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஹெக்சேன் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை மாற்றும்போது உருவாகும் பொருள் நரம்பிழைகளைச் சேதப்படுத்துகிறது. அவர்கள் செய்தது நாம் நாள்தோறும் செய்யும் அதே வேலை. ஒரு துணி, ஒரு திரை, சீக்கிரம் காய்கிற ஒரு திரவம். வேறு யாரோ தேர்ந்து கொடுத்ததை நம்பித் துடைத்த கைகள் அவை. என்ன துடைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நமக்கும் தெரிய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் இதே என்-ஹெக்சேன் சில காண்டாக்ட் கிளீனர் டின்களிலும் பசை நீக்கிகளிலும் இருக்கிறது. முன்பக்க லேபிளில் 'விரைவாகக் காயும்', 'மிச்சம் விடாது' என்று மட்டுமே போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் உள்ள பாதுகாப்புத் தரவுத் தாளை எடுத்துப் பாருங்கள். 16 பகுதிகள் இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. மூன்றாவது பகுதியில் உள்ளே என்ன இருக்கிறது, எட்டாவதில் எவ்வளவு வரை சுவாசிக்கலாம், எந்தக் கையுறை போடலாம், ஒன்பதாவதில் எந்த வெப்பநிலையில் தீப்பற்றும் என்று போட்டிருக்கும். பெயர்கள் குழப்பினால், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள். அந்த எண் மொழிக்கு மொழி மாறாது. ஐபிஏ 67-63-0. ஹெப்டேன் 142-82-5. என்-ஹெக்சேன் 110-54-3. டிரைகுளோரோஎத்திலீன் 79-01-6. பசைக்கு ஹைட்ரோகார்பன் வேண்டும் என்றால் ஹெக்சேன் உள்ளதை விட்டுவிட்டு ஹெப்டேன் உள்ளதை எடுங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ஹெப்டேன் ஹெக்சேனைப் போல நரம்பைத் தாக்குவதில்லை.

வாசனை இல்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், ஆவி குறைந்திருக்காது. ஐபிஏவின் ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனமானது, ஹெக்சேனுடையது மூன்று மடங்கு. மேசையில் வழிந்து தரையில் தேங்கும். உயரத்தில் ஒரு சன்னல் திறந்திருப்பது மட்டும் போதாது. முகத்துக்கும் போர்டுக்கும் நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஏற்பாடு வேண்டும். சாலிடர் புகைக்கு வைக்கும் கரி வடிகட்டி விசிறி பெரும்பாலும் மெல்லிய பஞ்சுத் தகடுதான். கரைப்பான் ஆவியில் பெரும்பகுதி அதன் வழியாக அப்படியே திரும்ப அறைக்குள் வரும்.

அந்த ஆவி தேங்கிய இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட ஐபிஏவுக்கு 12 டிகிரி செல்சியஸ் போதும், அசிட்டோனுக்குச் சுழியத்துக்கும் கீழே 20 டிகிரி. சாதாரண அறை வெப்பநிலையில் இரண்டுமே தயாராக இருக்கின்றன என்று அர்த்தம். தீப்பொறியே இல்லாமல் வெறும் சூட்டில் பற்றும் வெப்பநிலை ஐபிஏவுக்கு ஏறக்குறைய 400, ஹெக்சேனுக்கும் ஹெப்டேனுக்கும் 200-ஐ ஒட்டி. சாலிடரிங் அயர்னின் நுனி 350-இல் இருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடிக்கும்போது அயர்ன் அணைந்து ஆறியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. ஐபிஏ ஈரத்தை ஹாட் ஏர் வைத்துக் காயவைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அல்ட்ராசானிக் தொட்டியில் ஐபிஏவை நேராக ஊற்றுவதும் அப்படித்தான். தொட்டி சூடாகும், அதிர்வில் திரவம் நுண்துளிகளாக எழும், பக்கத்திலேயே மின்சுற்று இருக்கும். தொட்டிக்கென்று வரும் நீர் சார்ந்த கழுவுதிரவம்தான் பாதுகாப்பு. குவார்ட்ஸ் படிகங்களும் சிறு மைக்குகளும் அதிர்வில் கெடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாகன பிரேக்கைச் சுத்தம் செய்யும், குளோரின் உள்ள பிரேக் கிளீனர் தீப்பற்றாதே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அவற்றில் இருக்கும் டெட்ராகுளோரோஎத்திலீன் கடும் சூட்டிலோ தீச்சுடரிலோ பட்டால் பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் நச்சுவாயுவாக வீசப்பட்டது அது. சாலிடர் செய்யும் மேசைப் பக்கம் அதைக் கொண்டுவராமல் இருப்பதே சரி.

கையுறை போட்டிருக்கிறேன் என்ற தைரியமும் திரவத்தைப் பொறுத்ததே. ஐபிஏவுக்கு மெல்லிய நைட்ரைல் கையுறை சிறிது நேரம் தாங்கும். அசிட்டோன் அதே கையுறையைச் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும், பியூட்டைல் ரப்பர்தான் அதற்குத் தாங்கும். லேடெக்ஸ் ஹைட்ரோகார்பன்களுக்கு உதவாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிரஷின் முள் நிமிரும்போது தெறிக்கும் துளி நேராக மேலேதான் வரும்.

காயும் நேரத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும், கால்கள் அடியில் இருக்கும் சிப்புக்குக் கீழேயும் உலோக மூடிக்குள்ளும் ஈரம் நிற்கும். காற்று நன்றாக வீசும் இடத்தில் போர்டைச் செங்குத்தாக வைத்து விட்டுவிடுங்கள். பவர் சப்ளை போர்டு என்றால் கழுவத் தொடங்கும் முன்பே பெரிய கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் மிச்சமிருக்கிறதா என்று மல்டிமீட்டரால் அளந்துகொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஈரத்துணிகளை மேசைக்கடியில் இருக்கும் குப்பைக்கூடையில் போட வேண்டாம். மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு, தீயில்லாத இடத்தில் வெளியே வையுங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய பழுப்பு ஐபிஏவில் ஃப்ளக்ஸோடு ஈயமும் கலந்திருக்கலாம், ஆகவே அது கழுவுதொட்டிக்குப் போகக்கூடாது. தனி பாட்டிலில் சேர்த்து, என்னவென்று பெரிதாக எழுதி ஒட்டி, அபாயகரமான கழிவுகளை எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். அந்தப் பாட்டில் ஒருபோதும் குடிநீர் பாட்டிலாக இருக்க வேண்டாம். ஐபிஏ தண்ணீரைப் போலவே தெளிவாக இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.